மாவோ ஷிமாடா சீனியருக்கு வருகிறார்: ஜப்பான் அணியில் இடம் கிடைக்குமா?

கேள்வி இது: "ஜூனியர் உலகப் பட்டத்தை 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றவர் மாவோ ஷிமாடா. 2026-27 பருவத்திலிருந்து அவர் சீனியர். ஆனால் ஜப்பானில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இவ்வளவு பேர் முட்டி மோதும்போது அவருக்கு அணியில் இடம் கிடைக்குமா? 2030 ஒலிம்பிக் பதக்கம் எதிர்பார்க்கலாமா?"

முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். அணியில் இடம் முதல் ஆண்டிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். 2030 பதக்கத்தைப் பற்றி இப்போதே பந்தயம் கட்டச் சொன்னால் கட்ட மாட்டேன். இந்த இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தோன்றலாம். காரணங்கள் வேறு வேறு என்பதால்தான் இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். "மோனே சிபா இருக்கிறார், அமி நகாய் இருக்கிறார்" என்று எல்லோரும் எதிராளிகளையே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஷிமாடாவுக்கு அவர்களை விடப் பெரிய எதிரி, இன்றைக்கும் 2030-க்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகள்தான் என்பது என் கருத்து.

ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2008 அக்டோபர் 30-ல் டோக்கியோவில் பிறந்தவர். பெயரே ஜப்பானின் முன்னாள் உலக சாம்பியன் மாவோ அசாடாவைப் பார்த்து வைத்ததுதான். கியோட்டோ மாகாணத்தில் உஜியில் இருக்கும் கினோஷிடா அகாடமியில் மியே ஹமடாவிடம் பயிற்சி. ட்ரிபிள் ஆக்சலும் (மூன்றரைச் சுற்றுத் தாவல்) குவாட் டோ லூப்பும் (நான்கு சுற்றுத் தாவல்) போட்டியிலேயே செய்து காட்டியவர். ஜூனியர் கிராண்ட் பிரி (பல நாடுகளில் நடக்கும் போட்டித் தொடர்) இறுதிப்போட்டியை 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் வென்றார். 2024-ல் கொரியாவின் காங்வோனில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கிலும் தங்கம்.

ஆனால் இந்தப் பட்டியலை வைத்து நான் எதையும் சொல்லப் போவதில்லை. ஜூனியர் பட்டங்கள் ஜப்பானில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதைப் பின்னால் பார்ப்போம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரிசை: டிசம்பரில் நடக்கும் ஜப்பான் தேசியப் போட்டி. ஜூனியர் தேசியப் போட்டியில் முன்னணியில் வரும் சிறுமிகளைச் சீனியர் தேசியப் போட்டிக்கும் அழைப்பது அங்கே வழக்கம். அதில் ஷிமாடா வாங்கிய இடங்கள்: 2022-ல் மூன்றாவது, 2023-ல் மூன்றாவது, 2024-ல் இரண்டாவது, 2025-ல் இரண்டாவது. நான்கு முறையும் முதலிடம் காவோரி சகமோட்டோவுக்கு. முதல் பதக்கம் வாங்கும்போது ஷிமாடாவுக்கு வயது 14.

இதன் எடையைப் புரிந்துகொள்ள அந்தப் போட்டியின் தன்மை தெரிய வேண்டும். உலகில் மிகக் கடினமான தேசியப் போட்டிகளில் அது ஒன்று. 2024 கிராண்ட் பிரி இறுதிப்போட்டிக்கு உலகம் முழுவதிலிருந்தும் ஆறு பெண்கள்தான் தகுதி பெற்றார்கள். அதில் ஐந்து பேர் ஜப்பானியர், மிச்சம் ஒருவர் அமெரிக்காவின் ஆம்பர் கிளென். 2025-ல் ஆறில் நான்கு பேர் ஜப்பானியர். அதாவது ஜப்பான் தேசியப் போட்டியின் முதல் ஐந்து ஆறு இடங்களைப் பிடிப்பவர்களை அப்படியே வேறொரு நாட்டுக் கொடியின் கீழ் அனுப்பினாலும் உலகப் போட்டியில் முதல் பத்துக்குள் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நான்கு ஆண்டு தொடர்ந்து மேடை ஏறுவது தற்செயல் இல்லை. அதுவும் அங்கே ஆடுவது சீனியர் விதிப்படி. ஜூனியரின் மூன்றரை நிமிட ஃப்ரீ ஸ்கேட் (போட்டியின் இரண்டாவது, நீண்ட ஆட்டம்) இல்லை, நான்கு நிமிடம். "சீனியருக்கு வந்தால் தாங்குவாரா" என்ற கேள்விக்கு அவர் ஓரளவு பதில் சொல்லி முடித்துவிட்டார்.

பிறகு ஏன் இன்னும் ஒலிம்பிக் போகவில்லை? வயது. 2022 ஜூனில் தாய்லாந்தின் புக்கெட்டில் கூடிய சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் சீனியர் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்தியது. 100 வாக்கு ஆதரவு, 16 எதிர்ப்பு. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 15 வயது கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம் வெடித்த சில மாதங்களில் வந்த முடிவு அது. பருவம் தொடங்கும் ஜூலை 1-க்கு முன் 17 முடிந்திருக்க வேண்டும். 2026 மிலான் ஒலிம்பிக்குக்கு 2025 ஜூலை 1 கணக்கு. ஷிமாடா நான்கு மாதம் பிந்திவிட்டார். பழைய விதி இருந்திருந்தால் 2024-லேயே சீனியர் ஆகியிருப்பார். 2008 ஏப்ரலில் பிறந்த அமி நகாய் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தார். மிலான் போனார், வெண்கலத்தோடு திரும்பினார். போட்டி நடந்த நாளில் இருவருக்குமே வயது 17. தேசியப் போட்டியில் நகாய் நான்காவது, ஷிமாடா இரண்டாவது. விதி என்றால் விதிதான். ஆனாலும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது.

இதில் ஒரு வினோதம் உண்டு. ஜப்பானில் இப்படி நாள்கணக்கில் ஒலிம்பிக்கைத் தவறவிட்டவர்களின் வரிசையில் ஷிமாடா மூன்றாமவர். அந்த முதல் இரண்டு பேரின் கதையில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது.

முதலாமவர் மாவோ அசாடா. 1990 செப்டம்பர் 25-ல் பிறந்தவர். 2005 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த கிராண்ட் பிரி இறுதிப்போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் இரினா ஸ்லுட்ஸ்கயாவைத் தோற்கடித்தார். ஆனால் 2006 துரின் ஒலிம்பிக் வயது வரம்புக்கு 87 நாள் குறைவு. ஷிஸுகா அரகாவா போனார், தங்கம் வென்றார். அசாடா நான்கு ஆண்டு காத்திருந்து 2010 வான்கூவரில் மூன்று ட்ரிபிள் ஆக்சல் செய்தும் கிம் யூனாவுக்குப் பின்னால் வெள்ளி. 2014 சோச்சியில் ஷார்ட் புரோகிராமில் (முதலில் ஆடும் குறுகிய ஆட்டம்) பதினாறாவது இடத்துக்குப் போய், மறுநாள் மறக்க முடியாத ஃப்ரீ ஸ்கேட் ஆடி ஆறாவது. உலகப் பட்டம் மூன்று வாங்கினார். ஒலிம்பிக் தங்கம் கடைசி வரை கைக்கு வரவில்லை.

இரண்டாமவர் ரிகா கிஹிரா. 2002 ஜூலை 21. ஜூலை 1 கணக்கில் மூன்று வாரம் பிந்தி 2018 பியாங்சாங் போச்சு. அடுத்த பருவத்தில் சீனியருக்கு வந்தார், வந்த வேகத்திலேயே ஒலிம்பிக் சாம்பியன் அலினா ஸகிட்டோவாவை முந்தி 2018 கிராண்ட் பிரி இறுதிப்போட்டியை வென்றார். நான்கு கண்டப் போட்டியை (ஐரோப்பா தவிர்த்த மற்ற நாடுகளுக்கானது) 2019, 2020 இரண்டு முறையும் வென்றார். தேசியப் பட்டம் இரண்டு. 2020 தேசியப் போட்டியில் குவாட் சால்கோவும் (இன்னொரு வகை நான்கு சுற்றுத் தாவல்) செய்தார். அப்போது 2022 பெய்ஜிங்குக்கு ஜப்பானின் முதல் பெயர் யார் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்போம். 2021-ல் கணுக்கால் எலும்பில் முறிவு. அந்த ஆண்டு தேசியப் போட்டியே ஆடவில்லை, பெய்ஜிங் போகவில்லை. மீண்டும் அந்த நிலைக்குத் திரும்பவும் முடியவில்லை. 2025-ல் ஜோடியாக ஆடும் ஐஸ் டான்ஸுக்கு மாறினார்.

கிஹிராவை வளர்த்தெடுத்ததும் மியே ஹமடாதான். இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. சடோகோ மியஹாரா உட்படப் பலரை உருவாக்கியவர் அவர். எந்தப் பயிற்சியாளரும் காயத்துக்கு உத்தரவாதம் தர முடியாது. நான் சொல்ல வருவது வேறு: 14 வயதில் மூன்றரைச் சுற்று, நான்கு சுற்று தாண்டுவதை ஆரம்பித்த உடல் 21 வயதிலும் அதையே செய்யும் என்று எழுதி வைக்க யாராலும் முடியாது. 2030 பிப்ரவரியில் ஷிமாடாவுக்கு 21.

ஜூனியர் பட்டங்களைப் பற்றிப் பின்னால் பேசலாம் என்றேன் அல்லவா, அது இதோ. ஷிமாடாவுக்கு முன் 2003-லிருந்து ஜூனியர் உலகப் பட்டம் வென்ற ஜப்பானியப் பெண்களை வரிசையாக எடுங்கள். 2003 யுகினா ஓட்டா: அடுத்த ஆண்டே நான்கு கண்டப் பட்டம், அப்புறம் காயம், சீக்கிரம் ஓய்வு. 2004 மிகி ஆண்டோ: 2007, 2011 உலக சாம்பியன். 2005 அசாடா: சொல்லிவிட்டேன். 2010 கனாகோ முரகாமி: நல்ல ஸ்கேட்டர், 2014 நான்கு கண்டப் பட்டம், சோச்சியில் பன்னிரண்டாவது. 2016 மாரின் ஹோண்டா: அன்றைக்கு ஜப்பான் தொலைக்காட்சியின் செல்லப்பிள்ளை, 2018 ஒலிம்பிக் அணியில் இடமே கிடைக்கவில்லை. ஐந்து பேரில் இருவர் உலக சாம்பியன். மோசமான விகிதம் இல்லை. ஆனால் ஒலிம்பிக் தங்கம்? ஒருவருக்கும் இல்லை. ஜப்பானின் ஒரே பெண்கள் தனிநபர் தங்கம் வாங்கிய அரகாவாவும் சரி, மூன்று உலகப் பட்டங்களை 2022, 2023, 2024 என்று தொடர்ந்து அள்ளிய சகமோட்டோவும் சரி, ஜூனியர் உலகப் பட்டம் வென்றவர்கள் இல்லை. 2017 ஜூனியர் உலகப் போட்டியில் சகமோட்டோ மூன்றாவது.

ஷிமாடா இந்த வரிசையில் கொஞ்சம் தனித்து நிற்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஒருமுறை வென்று மேலே போய்விட்டார்கள். இவர் விதியின் காரணமாக ஆண்டுக்கணக்கில் ஜூனியரிலேயே நின்று, தன்னைத் துரத்தியவர்களைத் திரும்பத் திரும்பச் சமாளிக்க வேண்டியிருந்தது. அந்த மூன்று ஆண்டும் வெள்ளி வாங்கியவர் ஒரே ஆள், கொரியாவின் ஷின் ஜி-ஆ. உடல் வளரும் வயதில் மூன்று பருவம் முதலிடத்தைக் காப்பாற்றுவது, ஒரு நல்ல வாரத்தில் பட்டம் அடிப்பதைவிடக் கடினம். அதனால்தான் கூட்டத்தில் இவரை நான் மேலே வைக்கிறேன்.

சரி, அணித் தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். உலகப் போட்டிக்கு ஒரு நாடு அதிகபட்சம் மூன்று பேரை அனுப்பலாம். அந்த மூன்று இடமும் சும்மா கிடைப்பதில்லை. முந்தைய உலகப் போட்டியில் அந்த நாட்டின் சிறந்த இருவரின் இடங்களைக் கூட்டினால் 13-க்குள் வர வேண்டும். 2017-ல் மியஹாரா காயத்தால் ஆடாமல் போக, மாய் மிஹாரா ஐந்தாவது, வகாபா ஹிகுச்சி பதினொன்றாவது. கூட்டினால் 16. பியாங்சாங்குக்கு ஜப்பானுக்கு இரண்டே இடம்.

அதன் விளைவுதான் எனக்குத் தெரிந்து ஜப்பான் தேர்வு வரலாற்றிலேயே மனசுக்குக் கஷ்டமான ஒன்று. 2017 டிசம்பர் தேசியப் போட்டியில் மியஹாரா முதலிடம், சகமோட்டோ இரண்டாவது, வயது போதாத கிஹிரா மூன்றாவது, ஹிகுச்சி நான்காவது. ஒலிம்பிக் டிக்கெட் முதல் இருவருக்கு. ஹிகுச்சியை ஆறுதல் போல மார்ச் மாத உலகப் போட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே, மிலானில், அவர் உலக வெள்ளி வென்றார். ஒலிம்பிக்குக்குப் போதாதவர் என்று வீட்டில் நிறுத்தப்பட்டவர் ஒரு மாதத்தில் உலகில் இரண்டாவது! ஜப்பானில் ஆழம் என்றால் இதுதான் அர்த்தம். திறமை இல்லாமல் யாரும் விழுவதில்லை, ஒரு மோசமான வாரத்தால் விழுகிறார்கள்.

தேசியப் போட்டியில் முதலிடம் வருபவருக்கு இடம் உறுதி. மற்ற இடங்களுக்குத் தேசியப் போட்டியின் இரண்டாம் மூன்றாம் இடம், கிராண்ட் பிரி இறுதிப்போட்டி முடிவு, உலகத் தரவரிசை, பருவத்தின் சிறந்த மதிப்பெண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எனவே ஒரு வழுக்கலை ஈடுகட்ட வழி இருக்கிறது. 2025 தேசியப் போட்டியில் நகாய் நான்காவது வந்தும் மிலான் போனதை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மேலே இருந்த ஷிமாடாவுக்கு வயது இல்லை என்பது ஒருபுறம். நகாய் அந்தப் பருவம் முழுக்க என்ன செய்தார் என்பதும் கணக்கில் வந்தது. சீனியரில் ஆடிய முதல் கிராண்ட் பிரியையே, பிரான்சின் அன்ஜேவில், வென்றார். நாகோயாவில் நடந்த இறுதிப்போட்டியில் வெள்ளி. ஷிமாடாவுக்கும் அதே பாதைதான்: இலையுதிர் காலத்தில் கிராண்ட் பிரியில் கணக்கைத் தொடங்கிவிட்டால் டிசம்பர் அழுத்தம் பாதி குறையும். ஒரு ஸ்கேட்டருக்குக் கிராண்ட் பிரி தொடரில் அதிகபட்சம் இரண்டு போட்டிதான் என்பதால் அந்த இரண்டையும் வீணாக்கக் கூடாது.

இனி ஆட்டத்துக்குள் போவோம். ரசிகர்கள் பெரும்பாலும் தவறாக எடைபோடும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். "அவரிடம் ட்ரிபிள் ஆக்சலும் குவாடும் இருக்கிறது, யாராலும் எட்ட முடியாது" என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும், இங்கே நான் எடுத்துக்கொள்வது மிலான் பருவத்துக் கணக்கு. குவாட் டோ லூப்பின் அடிப்படை மதிப்பு 9.5. ட்ரிபிள் டோ லூப் 4.2. ட்ரிபிள் ஆக்சல் 8.0, டபுள் ஆக்சல் 3.3. ஃப்ரீ ஸ்கேட்டில் ஒரு ட்ரிபிள் டோ லூப் இருக்கும் இடத்தில் குவாடும், ஒரு டபுள் ஆக்சல் இருக்கும் இடத்தில் ட்ரிபிள் ஆக்சலும் வைத்தால் கூடுதல் லாபம் 5.3, 4.7. மொத்தம் 10 புள்ளி. நன்றாகச் செய்தால் தரப் புள்ளிகளும் கொஞ்சம் சேரும்.

இப்போது மறுபக்கம். நடுவர்கள் அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்று பிரிவில் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். பெண்களுக்கு இதை ஷார்ட் புரோகிராமில் 1.33-ஆலும் ஃப்ரீயில் 2.67-ஆலும் பெருக்குகிறார்கள். இரண்டையும் கூட்டினால் 4. ஆக, மூன்று பிரிவிலும் சராசரி 8 வாங்கும் ஒருவர் 9-க்கு உயர்ந்தால் கிடைப்பது மூன்று தடவை நான்கு, அதாவது 12 புள்ளி. இரண்டு அபாயகரமான தாவல்களின் லாபத்தைவிட அதிகம். இதில் கணுக்கால் உடையும் ஆபத்தும் கிடையாது.

தவறிப்போனால் என்ன ஆகும்? குவாட் டோ லூப்பில் விழுந்தால் மதிப்பில் பாதி போய் 4.75, விழுந்ததற்கு ஒரு புள்ளி கழித்தால் 3.75. சுழற்சியும் குறைந்திருந்தால் அடிப்படையே 7.6 ஆகி, கடைசியில் கையில் நிற்பது 2.8. சுத்தமாகச் செய்த ஒரு ட்ரிபிள் டோ லூப் இதைவிட நிறையக் கொடுக்கும்.

சகமோட்டோவிடம் ட்ரிபிள் ஆக்சல் கிடையாது, குவாட் கிடையாது. மூன்று உலகப் பட்டமும் வேகம், ஓட்டம், பெரிதாகப் பறக்கும் டபுள் ஆக்சல், கூடவே 9-ஐத் தாண்டும் அந்த மதிப்பெண்கள் ஆகியவற்றால் வந்தவை. அமெரிக்காவின் அலிசா லியு சிறுமியாக இருந்தபோது ட்ரிபிள் ஆக்சலும் குவாடும் செய்தவர். 16 வயதில் விளையாட்டையே விட்டுவிட்டுப் போனார். 2024-ல் திரும்பி வந்து, அந்தப் பெரிய தாவல்கள் எதுவும் இல்லாமலேயே 2025 பாஸ்டன் உலகப் பட்டத்தையும் மிலான் தங்கத்தையும் எடுத்தார். மிலானில் வெள்ளி சகமோட்டோவுக்கு. இன்னொரு உதாரணம் வேண்டுமென்றால் மிகி ஆண்டோ: 14 வயதில், 2002-ல், போட்டியில் குவாட் சால்கோ செய்த உலகின் முதல் பெண் அவர்தான். அவர் உலகப் பட்டங்களை வென்றதோ குவாட் இல்லாமல்.

அதனால் ஷிமாடாவின் வாய்ப்பை நான் எடைபோடுவது அவருடைய குவாடை வைத்து இல்லை. அவருடைய மற்ற தாவல்கள் சுத்தமானவை, சுழல்கள் நல்லவை. தேசியப் போட்டியில் அவர் சகமோட்டோவுக்கு அடுத்து நின்றதில் இந்த அடித்தளத்துக்குப் பெரும் பங்கு. ட்ரிபிள் ஆக்சல் மட்டும் ஒரு விதத்தில் முக்கியமாகிறது. ஜூனியர் ஷார்ட் புரோகிராமில் பெண்கள் டபுள் ஆக்சல்தான் செய்ய வேண்டும். சீனியரில் ட்ரிபிள் ஆக்சல் வைக்கலாம். நகாய் மிலானில் ஷார்ட் புரோகிராம் முடிவில் முதலிடத்தில் நின்றது அந்தத் தாவலின் பலத்தால்தான். ஷிமாடாவும் அதைக் கையில் எடுத்தால் முதல் நாளே முன்னால் நின்று ஃப்ரீயை நிதானமாக ஆடலாம். தவறினால் அசாடாவுக்கு சோச்சியில் ஆனதுதான். ஷார்ட் புரோகிராமில் சரிந்துவிட்டு மேடை ஏறுவது ஜப்பான் தேசியப் போட்டியில் ரொம்பக் கஷ்டம், ஏனென்றால் முன்னால் போனவர்களில் நான்கைந்து பேராவது தவற மாட்டார்கள்.

போட்டியாளர்களைப் பற்றி. 2025-26 பருவத்தோடு விலகுவதாக சகமோட்டோ முன்பே அறிவித்திருந்தார். இது ஷிமாடாவுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய திறப்பு. நான்கு தேசியப் போட்டிகளிலும் அவருக்கு மேலே இருந்த ஒரே நிரந்தரப் பெயர் அகல்கிறது. அந்த 9-க்கு மேற்பட்ட மதிப்பெண்களை இனி யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் நடுவர்கள் முன் திறந்தே இருக்கும். அந்த நாற்காலிக்கு இப்போதைக்கு அருகில் இருப்பவர் மோனே சிபா. 2024 நான்கு கண்டச் சாம்பியன், 2025 உலக வெண்கலம், மிலானில் நான்காவது. பெரிய தாவல் இல்லாமல் ஓட்டத்தாலும் இசையாலும் வெல்லும் வகை. செண்டாய்க்காரரான அவர் பயிற்சி பெறுவது அதே கினோஷிடா அகாடமி, அதே ஹமடா. தினமும் ஒரே ஐஸில் இருவரும் சுற்றுவார்கள். இதை நான் நல்லதாகவே பார்க்கிறேன். ஷிமாடாவுக்கு எது குறைவோ அது சிபாவிடம் இருக்கிறது, சிபாவிடம் இல்லாத தாவல் ஷிமாடாவிடம் இருக்கிறது. பார்த்துக் கற்பதற்கு இதைவிட நல்ல இடம் வேறெது?

நகாய் வேறு மாதிரி. ஷிமாடாவின் வயதுதான், பலமும் ஏறக்குறைய அதேதான், ஆனால் கையில் ஒலிம்பிக் பதக்கம். நடுவர்கள் மனிதர்கள், பெயர் பெற்றவருக்குக் கலை மதிப்பெண் கொஞ்சம் தாராளமாக விழும். இதில் ஷிமாடா ஒரு ஆண்டு பின்தங்கித் தொடங்குகிறார். 2023 ஜூனியர் உலகப் போட்டியில் ஷிமாடா தங்கம், நகாய் வெண்கலம். அந்த வரிசை சீனியரில் தானாகத் தொடராது.

இந்த மூவருக்குப் பின்னால் ரின்கா வதனபே, ஹனா யோஷிடா, ரியோன் சுமியோஷி போன்றவர்கள். நல்ல நாளில் யாரையும் தோற்கடிக்கக்கூடியவர்கள். அந்த நல்ல நாள் எப்போது வரும் என்று சொல்ல முடியாதவர்கள். கீழேயிருந்து ரேனா உவெசோனோ மாதிரி ஜூனியர்கள் வருகிறார்கள். 2024 ஜூனியர் உலகப் போட்டியில் ஷிமாடாவோடு மேடையில் நின்றவர் அவர். ஒவ்வொரு ஆண்டும் இப்படி ஒருத்தி முளைப்பதற்குக் காரணம் 1992-ல் நாகானோ மாகாணத்தின் நொபெயாமாவில் தொடங்கிய திறமை தேடும் முகாம். நாடு முழுக்க இருக்கும் சிறுவர் சிறுமிகளைக் கோடையில் ஓரிடத்தில் கூட்டி, தாவல் முதல் நடனம் வரை சோதித்துப் பொறுக்கி எடுக்கும் ஏற்பாடு. முதல் முகாமுக்கு வந்தவர்களில் அரகாவாவும் ஒருவர். மிடோரி இட்டோ என்ற ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பியிருந்த நாடு இப்படி மாறியது அதற்கப்புறம்தான்.

எனவே என் கணிப்பு இப்படி: காயம் இல்லாமல் முதல் பருவத்தைக் கடந்தால், 2027-ல் ஃபின்லாந்தின் தாம்பெரேயில் நடக்கும் உலகப் போட்டிக்கு ஷிமாடா போவதற்குப் பத்தில் எட்டு என்பேன். ஜப்பானுக்கு மூன்று இடம் இருக்கும் என்ற அனுமானத்தில் சொல்கிறேன். இரண்டாகச் சுருங்கினால் ஆறு. அங்கே பதக்கம் என்றால் பாதிக்குப் பாதி. 2030-ல், பிரெஞ்சு ஆல்ப்ஸ் ஒலிம்பிக்கில், ஜப்பான் அணியில் அவர் இருப்பதற்கே பத்தில் ஐந்துக்கு மேல் தர எனக்கு மனமில்லை. வேறு எந்த நாடாக இருந்தாலும் எட்டு தந்திருப்பேன். அதற்குள் இன்று 13, 14 வயதில் இருக்கும் யாரோ ஒருத்தி வந்துவிடுவாள். ரஷ்யர்கள் 2022 மார்ச்சிலிருந்து சர்வதேசப் போட்டிகளுக்கு வெளியே நிற்கிறார்கள், மிலானில் அடெலியா பெத்ரோசியான் மாதிரி நடுநிலையாளர்களாக வந்த ஒரு சிலரைத் தவிர. அவர்கள் முழுமையாகத் திரும்பினால் பதக்கக் கணக்கு இன்னொரு முறை கலையும்.

முதல் பருவத்தில் அவரைப் பார்க்கும்போது குவாட் இறங்குகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். முடிவு வெளியானதும் மதிப்பெண் தாளில் அந்த மூன்று கலைப் பிரிவுகளின் எண்களைத் தேடுங்கள். கிராண்ட் பிரியிலேயே 8.5-ஐத் தாண்டிவிட்டால், ஹமடா குவாடை எடுத்துவிட்டு ஒரு வருஷம் அந்தக் கணுக்காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். 8-க்கும் கீழேயே நின்றுவிட்டால், இந்த அணியில் இடம் தக்கவைக்க அவர் மேலும் மேலும் தாவிக்கொண்டே இருக்க வேண்டிவரும்.